இல்லாத மீனுக்கு இரை

ஆறு கிழமையாக
இல்லாத மீனுக்கு இரை போட்டேன்.
கந்தோருக்கு ஓடும் அவசரத்திலும்
காலையில் ஒரு சிட்டிகை.
அது அழுகவேண்டும்.
அழுகலைத் தின்னக் கண்ணுக்குத் தெரியாத ஏதோ
சரளைக்கல்லில் வந்து குடியேறவேண்டும்.
பிறகுதான் மீன்.

யோக்கீம் சம்மாட்டி மதிலுக்கு மேலால் பார்ப்பார்.
வாடை தொடங்கிவிட்டது. கரைவலையை ஏறக்கட்டிவிட்டு
செய்ய ஒன்றுமில்லாத மனிதர்.
"தங்கச்சி, தண்ணியையோ வளக்கிறாய்?"
ஓம் அண்ணை, தண்ணியைத்தான்.

உவர்மலைக் கிணறு பேருக்கேற்ற உவர்.
குழாய்த் தண்ணீரில் குளோரின்;
எவ்வளவென்று எனக்குத் தெரியும்,
நீர்வழங்கல் சபையில்
அந்தப் பேரேட்டில் கையெழுத்து வைப்பவள் நான்.
கடைசியில் மழையை நம்பினேன்:
தகரத்தைக் கழுவிய முதல் மழையை ஓடவிட்டு
நீலப் பீப்பாயில் இரண்டாம் மழை.
அதற்குள் ஒரு கிண்ணம் கிணறு,
ஊர் உப்பும் கொஞ்சம் பழகட்டும் என்று.

சோதனைக் குழாயில் எட்டுத் துளி.
பச்சை. பச்சை. இளம்பச்சை.
ஒரு செவ்வாய்க்கிழமை
மஞ்சள்!
பக்கத்து மேசை பஸ்மியாவிடம் சொன்னேன்.
"மஞ்சள் காமாலையா? ஆருக்கு?" என்றாள்.

கொழும்பிலிருந்து இரவு ரயிலில் வந்தன,
ரெஜிபோம் பெட்டிக்குள் பொலித்தீன் பை,
பைக்குள் ஒரு மூச்சுக் காற்று,
பன்னிரண்டு நியோன்.
ஊசியளவு நீலம், வாலருகே சிவப்பு,
பயத்தில் இரண்டும் வெளிறி.

விளக்கை அணைத்துப் பையை மிதக்கவிட்டேன்.
கன்னியாவில் ஏழு கிணறும் ஏழு சூடு.
ஒன்றில் அள்ளிக் குளித்துவிட்டு அடுத்ததில் அள்ளும்போது
தோல் ஒருகணம் திடுக்கிடும்.
எனக்கு அது சிரிப்பு.
இவற்றுக்கு அது சாவு.

பார்மசியில் வாங்கிய சலைன் குழாயில்
முடிச்சுப் போட்டேன். நொடிக்கு இரண்டு துளி.
சம்மாட்டி கதிரையை இழுத்துப் போட்டார்.
"ஆசுப்பத்திரி மாதிரிக் கிடக்கு."
ஆயிரம் கிலோ சூடையை ஒரே இழுவையில்
மணலுக்குக் கொண்டுவந்த கை
முழங்காலில் சும்மா கிடந்தது.
"என்ன விலை?"
சொன்னேன்.
"கிலோவோ?"
"ஒண்டு, அண்ணை."
நெடுநேரம் அவர் பேசவில்லை.

இரண்டு மணித்தியாலத்தில் ஒவ்வொன்றாய் உள்ளே விட்டேன்,
வழித்தண்ணீர் ஒரு துளியும் சேராமல்.
மரக்கட்டைக்குப் பின்னால் ஒதுங்கி
எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நின்றன,
பஸ் வராத தரிப்பிடத்தில் நிற்பவர்களைப் போல.

அன்றிரவே கொட்டியது. கரண்ட் போனது.
குமிழ் நின்ற அமைதிதான்
என்னை எழுப்பியிருக்கவேண்டும்.
செம்பால் அள்ளி உயரத்திலிருந்து ஊற்றினேன்,
காற்றும் கூட விழட்டும் என்று.
அள்ளி ஊற்றி, அள்ளி ஊற்றி
தோள்மூட்டு மரத்தபோது
படலையில் ரோர்ச் வெளிச்சம்.
தலையில் உரப்பை கவிழ்த்தபடி சம்மாட்டி.
"கொண்டா செம்பை."

பிறகு அந்தக் குரலைக் கேட்டேன்.
"பயப்பிடாதேயுங்கோ. ஒண்டுமில்லை. பயப்பிடாதேயுங்கோ."
எனக்கில்லை.
கூட்டாளிகளைக் கடற்கரை முழுக்கக் கேட்க
ஏசுகிற வாய்
மீனுக்கு மரியாதை கொடுத்தது.

நாலு மணிக்கு மோட்டர் இருமித் தொடங்கியது.
விடிய எண்ணினார். திரும்ப எண்ணினார்.
"பதினொண்டுதான் நிக்குது."
வடிகட்டிக்குள் இல்லை. நிலத்தில் இல்லை.
எறும்புகூட ஒரு வழி காட்டவில்லை.
அந்த ஒன்று எங்கே போனதென்று
இன்றைக்கும் தெரியாது.

பங்குனியில் வலை கடலுக்குப் போனது.
மதிலில் ஈரக் கடதாசிப் பொட்டலம்:
சூடை, கறிக்கு.
யன்னலை எட்டிப்பார்த்து
"பதினொண்டோ?"
"பதினொண்டு."
தலையாட்டிவிட்டுப் போனார்.

குசினி வெளிச்சம் போதாது.
கூடத்தில் இருந்துதான் செதில் உரித்தேன்,
தொட்டிக்கு முதுகைக் காட்டியபடி.