அமர்வுப்படி

வெள்ளகோவில் பேக்கரியில்
தேங்காய் பன்னுக்கும் டிவிக்கும் நடுவே
நின்றுகொண்டிருந்தேன்.
சட்டசபையில் சம்பளம் ஏறியது.
ஆளும் வரிசையும் எதிர் வரிசையும்
ஒரே தாளத்தில் மேசையைத் தட்டின.

"கொறைச்சுக் குடுத்தாத்தான் திருடுவாங்க, ஏத்தட்டும்"
என்றார் லாரி புக்கிங் சென்னியப்பன்.
"ஏத்திப்போட்டா மட்டும் ராட்டை நூத்துட்டா இருப்பாங்க?"
என்றது டீ ஆற்றும் கை.
பிறகு எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.
"உங்களுக்கும் ஏத்திட்டாங்களாட்ட இருக்குதுங்க,
மெம்பரம்மா?"

எனக்கு மாதச் சம்பளம் இல்லை.
கூட்டத்தில் உட்கார்ந்தால் ஒரு படி.
உட்காரப் போகும் நாளில்
தேங்காய்க் களத்தில் என் கூலி போகும்.
படியைவிடக் கூலி பெரிது.
களத்து மேஸ்திரி சொல்வான்:
"நட்டத்துக்கு நடத்துற யாவாரம்னா, அம்மிணி,
உள்ளுக்குள்ள ஏதோ லாபம் இருக்கோணுமே."
கணக்காகப் பார்த்தால் அவன் சொல்வது சரி.
அதுதான் உறுத்தியது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினேன்.
வந்தது, போனது,
மூன்றாம் வீதிக் கம்பத்துக்குப் பல்பு,
மோட்டார் ரூம் சாவிக்கு நகல்,
யூனியன் ஆபீஸ் போய்வந்த பஸ் காசு,
அங்கே யாருக்கு டீ வாங்கிக் கொடுத்தேன் என்பது வரை
எழுதி
ரேஷன் கடை ஆணியில் மாட்டினேன்.

ஆறு வாரம்.
பருப்புத் தூசி படிந்தது.
ஒருவன் கடைசித் தாளில் செல் நம்பர் எழுதிக்
கிழித்துக்கொண்டு போனான்.
யார் வீட்டுக் குழந்தையோ
அட்டையில் மயில் வரைந்திருந்தது.

ஏழாவது வாரம்
என் கூட்டலின் மேல் பென்சிலால் ஒரு கோடு.
கீழே, அவசரமில்லாத கையெழுத்து:
"ரெண்டு ரூபாய் இடிக்குதுங்க."

யாரென்று தெரியவில்லை. விசாரிக்கவும் இல்லை.
அன்று ராத்திரி
வீட்டையே கவிழ்த்துக் கொட்டினேன்.
கூட்டத்துக்கென்று வைத்திருக்கும் பர்ஸின் மடிப்பில்
கசங்கிய டிக்கெட்.
அதன் முதுகில் நீலப் பேனாவால்
கண்டக்டர் எழுதித் தந்த மிச்சம்.
இறங்கும்போது வாங்கிக்கச் சொன்னார்.
இறங்கும்போது நானும் மறந்தேன்,
அரசாங்கமும் மறந்தது.

காலையில் சோற்றுப் பருக்கையால் அதை ஒட்டினேன்.
பக்கத்தில் எழுதினேன்:
"ரெண்டு ரூபாய்.
அரசுப் பேருந்து எனக்குத் தரவேண்டியது.
வசூலானதும் தெரிவிக்கிறேன்."

களத்துக்கு நேரமாகியிருந்தது.
சைக்கிளைத் திருப்பும்போது பார்த்தேன்.
வரிசையில் நின்ற ஒருவர்
எண்ணெய்க் கேனைக் கீழே வைத்துவிட்டு
வேட்டி நுனியால்
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.