பலகையின் அடிப்பக்கம்

ஜனவரி இரண்டு. காலை ஆறு மணி.
விடிய இன்னும் ஐந்து மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது.
ஊரே சேர்ந்து கொளுத்திய வாணங்களின் கருகிய குச்சிகள்
குளத்தோரப் பனியில் குத்திட்டு நிற்கின்றன.
ஒன்று நான்காம் தடத்தில் மிதந்தது.
ஸ்வாவெக் அதை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்,
காய்ச்சல் பார்ப்பதுபோல.
பிறகு கடிகாரத்தைத் தட்டினார்.
புத்தாண்டு வாழ்த்து அவ்வளவுதான்.

முந்தாநாள் இரவு மைதானத்தில்
சொக்கப்பனைபோல் எரிந்த நெருப்பின் முன்
எய்தீஸ் கேட்டாள்: இந்த வருஷம் என்ன?
இருநூறு மீட்டர், மல்லாந்து,
இரண்டு நிமிடம் இருபத்தொரு நொடிக்குள், என்றேன்.
"போன வருஷமும் இதேதான்."
போன வருஷம் இருபத்துமூன்றில் நின்றது.
அதற்கு முந்தின வருஷமும்.
உனக்கு?
நெருப்பையே பார்த்துக்கொண்டு
"நிறுத்திடறது" என்றாள்.
எதை என்று நான் கேட்கவில்லை.
பதினோரு வருஷமாக ஒரே தடம்.
அவள் குதிகால் நுரைக்குப் பின்னால் வளர்ந்தவள் நான்.

எண்ணை எழுதி வைத்தால் எண் வந்துவிடாது.
எண்ணுக்குக் கையும் காலும் கிடையாது.
அதனால் உதைப்பலகையின் அடிப்பக்கத்தில்
அழியாத மை என்று விற்ற பேனாவால்
எழுதினேன்: மூன்றாவது சுவர். ஏழு உதை.

என் திருட்டு எனக்குத் தெரியும்.
கடைசித் திருப்பத்தில், நீருக்கடியில்,
ஏழு முறை உடம்பை அலைத்துப் போக வேண்டிய இடத்தில்
ஐந்தாவதிலேயே மேலே வந்துவிடுவேன்,
மூச்சுக்காக என்று சொல்லிக்கொண்டு.
மூச்சு அல்ல, பயம்.
பயம்கூட இல்லை.
வலிக்கப்போகிறது என்று தெரிந்த சோம்பல்.

எங்கள் குளத்துக்குக் கூரை கிடையாது.
வெந்நீர் பூமிக்குள்ளிருந்து வருகிறது,
பனி மேலிருந்து.
நடுவில் என் முகம்.
மல்லாந்து நீந்துகிறவளுக்குச் சுவர் தெரியாது.
தலைக்குமேல் தொங்கும் கொடிகள்தான் சாட்சி.
ஆவியில் கொடியும் மறைந்த காலைகளில்
எண்ணிக்கையை நம்பித் தலையைக் கொடுத்தேன்.
இரண்டு முறை மண்டையில் வாங்கினேன்.

குளோரின் முதலில் 'மூன்றாவது' என்பதைத் தின்றது,
பிறகு 'சுவர்'.
மார்ச்சில் 'ஏழு' மட்டும் மிச்சம்.
அது என்ன ஏழு என்று கேட்ட சின்னப் பையனிடம்
வயசு என்றேன்.
"எனக்கும் ஏழுதான்" என்றான்.

ஏப்ரல். ரெய்க்யாவிக். ஐம்பது மீட்டர்.
கூரைக் கம்பிகளைப் பார்த்துக்கொண்டே போனேன்.
முதல் சுவர், ஏழு.
இரண்டாவது, ஏழு.
மூன்றாவதில்
ஒன்று இரண்டு மூன்று
நான்கு, நெஞ்சு மனுப்போட்டது
ஐந்து, தள்ளுபடி
ஆறு
ஆறில் நீர் வெளுத்தது.
மேலே இருந்தேன்.

இரண்டு, இருபது, எண்பத்தெட்டு
என்று பலகை ஒளிர்ந்தது.
ஸ்வாவெக் கடிகாரத்தைத் தட்டினார், இரண்டு முறை.
எண் வந்துவிட்டது. ஏழு வரவில்லை.
கைதட்டியவர்கள் யாருக்கும்
அந்த ஒன்று தெரியாது.

பக்கத்துத் தடத்தில் எய்தீஸ் ஆறாவதாக முடித்திருந்தாள்.
கயிற்றின்மேல் கைபோட்டு என் நேரத்தைப் படித்தாள்.
தன்னுடையதைப் படிக்கவில்லை.
நீச்சல் கண்ணாடியைக் கழற்றி என் கையில் வைத்து
"என்னோடதும் முடிஞ்சுது" என்றாள்.
சிரித்த மாதிரிதான் இருந்தது.
குளத்துக்குள் ஒரு முகம் நனைந்திருந்தால்
அதற்கு அர்த்தம் எதுவும் கிடையாது.

திங்கள் மாலை.
இருட்ட இன்னும் ஐந்து மணி நேரம் இருக்கிறது.
தடத்தில் எனக்கு முன்னால் நுரை இல்லை.
பலகையையும் காணோம்.
ஆழமில்லாத பக்கத்தில் அந்தப் பையன்
அதன்மேல் கவிழ்ந்து
தண்ணீரை உதைத்துக்கொண்டிருந்தான்,
எண்ணாமல்.
திரும்பக் கேட்கவில்லை.
சுவரில் காலை வைத்தேன்.