நான்கு கழிவறை தூரம்

டொங்காட்டிலிருந்து டர்பனுக்கு
மற்றவர்களுக்கு நாற்பது கிலோமீட்டர்.
எனக்கு நான்கு கழிவறை.
வெருலம் கராஜில் சாவி கேட்டு வாங்க வேண்டும்.
மவுண்ட் எட்ஜ்கோம்பில் தாள் இருக்காது.
மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
நான்காவது ஆஸ்பத்திரியே.

பக்கத்து சீட்டில் அண்ணன் பூபாலன்,
இதே பழைய சாலையில்
இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டியவன்.
சர்க்கரை அவன் விழித்திரையில்
ரத்தப் புள்ளி வைக்கத் தொடங்கியதிலிருந்து
லைசென்ஸ் மேசை இழுப்பறையில்.
"கறுப்பா மிதக்குது கோகி,
கரும்பு கொளுத்துற அன்னிக்கு
வெள்ளைத் துணி காயப்போட்ட மாதிரி."
ஆனாலும் வளைவு வந்தால்
அவன் வலது கால்
இல்லாத பிரேக்கை மிதிக்கிறது.
"இப்போ கரும்பு முடியும். கியரைக் குறை."
முடிகிறது.
குறைக்கிறேன்.

என் நோய்க்கு ஒரு வெள்ளைக்காரப் பெயர், கிரோன்.
காவலுக்கு நிறுத்திய ஆட்களே
வீட்டைக் கொளுத்துவது போல என்றார்கள்.
ஆறு வயதில் அதற்கு வேறு பெயர்.
வயிறு வலிக்கிறதென்று சுருண்டால்
அம்மா மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் எறிவாள்.
நெடி வராது.
"பாத்தியா, யாரோ கண்ணு வச்சிட்டாங்க."
யாரோ இல்லை, அண்ணன்தான் என்பேன் நான்.
அவன் ரொட்டியைவிட என் ரொட்டியில்
ஜாம் கூடுதல்.

கண் இரண்டாம் மாடி. குடல் மூன்றாம் மாடி.
கரண்ட் வெட்டு, லிஃப்ட் இல்லை.
அவன் கண்ணில் சொட்டு மருந்து விட்டு
பாவை விரியக் காத்திருந்தபோது
படிவத்தோடு வந்தாள் டாக்டர் ந்ட்டுலி.
"நீங்க ரெண்டு பேரும் ஒரே அம்மா அப்பாவா?"
ஒரே வயிறு என்று வாய் தமிழில் சொல்லிவிட்டது.
பிறகு இங்கிலீஷில் ஆமாம் என்றேன்.

என் குடலைப் புண்ணாக்கும் எழுத்துகளும்
அவன் கண்ணின் நாளங்களைக் கசியவைக்கும் எழுத்துகளும்
மரபணுவில் அக்கம்பக்கத்தில் குடியிருக்கலாம்,
ஒரே வீட்டில்கூட இருக்கலாம்,
இல்லாமலும் போகலாம்.
தெரியாது, அதற்குத்தான் ரத்தம் கேட்கிறோம் என்றாள்.
அவளுடைய ஒவ்வொரு வாக்கியமும்
ஒரு 'லாம்'மில் போய் நின்றது.
எனக்கு அவளைப் பிடித்தது.

பூபாலன் யோசித்தான்.
பிறகு சிரித்த சிரிப்பில்
வரிசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.
"அப்போ அம்மா சொன்னது சரிதான்டி.
என் கண்ணுதான்."

கையெழுத்துக் கோடு அவனுக்குத் தெரியவில்லை.
விரலைப் பிடித்து வைத்தேன்.
பேனா கோட்டைவிட்டு இறங்கி
என் பெயரின் மேல் ஏறி உட்கார்ந்தது.
வேறு படிவம் கேட்டோம்.

இரண்டு குழாய் ரத்தம். பெயர் கிடையாது, எண் மட்டும்.
பூட்டன் கப்பலிலிருந்து இறங்கியபோதும்
எண்தான் கொடுத்தார்களாம்.
கையில் ஒரு பித்தளைச் சொம்பு மட்டும்
என்றுதான் வீட்டில் கதை.
சொம்பு மட்டும் இல்லை போலிருக்கிறது.

திரும்பும்போது வெயில் அவனைக் குத்தியது.
என் ரோஸ் நிறக் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு
சினிமா வில்லன் போல உட்கார்ந்திருந்தான்.
வெருலத்துக்கு முன்னாலேயே
என் வயிறு ஆரம்பித்தது.
கராஜ் வரை தாங்காது என்றேன்.
அவன் தலையைச் சாய்த்து
டயரின் சத்தத்தைக் கேட்டான்.
"பாலம் தாண்டிட்டியா? இடது பக்கம் ஒரு டக்ஷாப்.
பின்னாலே டிரைவருங்க கழிவறை. நீலக் கதவு.
என் பேரைச் சொல்லு."

இத்தனை மாதமாக ஏன் சொல்லவில்லை?
"நீ கேக்கல."

கதவு நீலம் இல்லை.
எப்போதோ பச்சை அடித்திருக்கிறார்கள்.
அதை அவனிடம் சொல்ல
அப்போது நேரமில்லை.
ஓடினேன்.