திட்டவிலக்கம்

இன்று இருநூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
ராத்திரிக் காவலுக்கு ஆள் வரவில்லை,
என்னையே உட்காரச் சொல்லிவிட்டார்கள்.
தார்ப்பாயில் பனி இறங்குகிற சத்தம்
உற்றுக் கேட்டால்தான் கேட்கும்.

நெல்லுக்குப் பதினேழு சதம் ஈரம்வரை பொறுத்துக்கொள்வார்கள்.
பத்தாம் வகுப்புக்கு எத்தனை வயதுவரை என்று
மன்னார்குடியில் போய்க் கேட்டேன்.
வரம்பு இல்லை என்றார், படிவத்தைப் பார்த்தபடி.
யாரு எழுதப்போறது, மகனா?

நான்தான் சார்.
ஒன்பதாவது பாதியில் நின்றேன்.
பெரிய காரணம் எதுவும் கிடையாது.
சைக்கிள் திருடுபோனது, பள்ளிக்கூடம் ஏழு கிலோமீட்டர்,
நாளைக்குப் பார்க்கலாம் நாளைக்குப் பார்க்கலாம் என்று
இருபத்துநாலு வருஷம்.

நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலை எல்லாவற்றுக்கும்
ஒரு தாள் கேட்கிறார்கள்.
சொன்னபோது இளஞ்சியம் சிரிக்கவில்லை.
அதுதான் பயமாக இருந்தது.
களை எடுத்த காசில் கைடு வாங்கி
அட்டை போட்டுக் கொடுத்தாள்.
என் பெயர். வகுப்பு: 10.
பிரிவு என்ற கோட்டில் என்ன எழுதுவதென்று தெரியாமல்
காலியாக விட்டிருந்தாள்.

பேனா வழுக்குகிறது.
கொக்கி பிடித்துப் பழகிய கை
எழுத்தையும் குத்தித் தூக்கத்தான் பார்க்கிறது.
தமிழ் வருகிறது. சமூக அறிவியல், ஏதோ.
கணக்கில் திட்டவிலக்கம் என்று ஒன்று
மூன்று ராத்திரியாக என்னைச் சுற்றவிட்டது.
புத்தகத்தில் பத்து மாணவர்கள் வாங்கிய மதிப்பெண்.
அந்தப் பத்துப் பேரையும் எனக்குத் தெரியாது.

தெரிந்ததை எடுத்துக்கொண்டேன்.
அடுக்கின் ஓரத்திலிருந்து பத்து மூட்டையைக்
கூலியில்லாமல் இறக்கி
ஒவ்வொன்றாகத் தராசில் வைத்தேன்.
சிவப்பு எண்கள், இருட்டில் நாய்க்கண் மாதிரி.
சாக்கின் எடையைக் கழித்தேன்.
கூட்டினேன், பத்தால் வகுத்தேன்.
நாற்பது இருக்க வேண்டும்.
நாற்பத்தொன்று புள்ளி மூன்று.

சரி, கை தவறியிருக்கும் என்று
விலக்கத்தை எடுத்து, வர்க்கப்படுத்தி,
கூட்டி, வகுத்து, மூலம் கண்டேன்.
பூஜ்யம் புள்ளி ஒன்று.

அப்போதுதான் பாடம் புரிந்தது.
கை தவறினால் எண்கள் சிதறும்.
இவை சிதறவில்லை.
பத்தும் ஒரே இடத்தில்
சொல்லிவைத்த மாதிரி நின்றன.

என் தோளுக்கு இது பத்து வருஷமாகத் தெரியும்.
தோளுக்குத் தசமப்புள்ளி வைக்கத் தெரியாது, அவ்வளவுதான்.

சாக்கில் பச்சை மையில் தை.நா.
கோரையாற்றுக்கு அந்தப் பக்கம்
குத்தகைக்கு நடுகிற தையல்நாயகி.
எண்பத்தாறு மூட்டை.
பெருக்கிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.
மூன்று மூட்டைக்கு எட்டுக் கிலோ குறைவு.
அதில் என் டீயும் இருக்கிறது.
இந்த ராத்திரியின் கூலியும் இருக்கிறது.

விடிந்ததும் பட்டியல் எழுத்தர் நோட்டை எட்டிப் பார்த்தார்.
என்னப்பா கணக்கு?
பரீட்சைக் கணக்கு சார்.
நல்லாப் படி என்று சொல்லிக்கொண்டே
தராசைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தார்.

தேர்வில் அதே கணக்கு வந்தது, ஐந்து மதிப்பெண்.
எட்டு நாள் பெய்த மழை, மில்லிமீட்டரில்.
பெஞ்சு தாழ்வு, முழங்கால் இடித்தது.
முன்னால் ஜவுளிக்கடைச் சீருடையில் ஒரு பெண்,
பக்கத்தில் மினிபஸ் ஓட்டுகிறவர்,
யாரும் யாரையும் பார்த்துக்கொள்ளவில்லை.
விடையைச் சுற்றிக் கட்டம் போட்டு
பழக்கத்தில் கிலோ என்று எழுதிவிட்டேன்.
பாமணியாற்றுப் பாலம் தாண்டும்போதுதான் ஞாபகம் வந்தது.
அரை மதிப்பெண் போயிருக்கும்.

நோட்டு வீட்டில் பத்திரமாக இருக்கிறது,
ரேஷன் கார்டு வைத்திருக்கிற பையில்.
நான் வைக்கவில்லை.
ஏன் அங்கே என்று அவளிடம் கேட்கவும் இல்லை.

முடிவு வர ஒரு மாதம் ஆகும்.
தையல்நாயகியின் தாளடி நெல்
வியாழக்கிழமை வருகிறது.