கதவுப் பக்கம்

கொக்குவிலில் ஒரு மண்டபம், இரண்டாம் நாள்.
முன்னாள் போராளிகளோடு கதைக்கப் பழகுகிறோம்
பதினாலு பேர், ஒரு மின்விசிறி.

"அவருக்கும் கதவுக்கும் இடையில் இருக்காதேங்கோ.
கேட்டாப் பிறகு ஏழு வரை எண்ணுங்கோ,
வாய் திறவாமல்."
டொக்டர் சத்தியரூபி பலகையில்
ஏழைப் பெரிதாக எழுதி வட்டமிட்டார்.

எனக்கு வந்த துண்டில்:
ஆண். நாற்பத்திரண்டு. அதிகம் பேசமாட்டார்.
எதிரே றெஜினோல்ட், ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரித் தாதி.
"இரவில நித்திரை எப்பிடி?"
எண்ணுகிறான், உதடு அசைகிறது.
ஐந்தில் நான் சொன்னேன்:
"நாய் குரைக்க முதலே முழிச்சிடுவன்.
பிறகு அது குரைக்குமட்டும்
காத்துக்கொண்டிருப்பன்."

துண்டில் அது இல்லை.
நல்லா நடிச்சீர் என்றார்கள்.
வடை வந்தது, தேத்தண்ணி வந்தது,
எனக்குக் கை நடுங்கிச் சீலையில் ஊற்றுப்பட்டது.

பன்னிரண்டு வருசம்
கட்டிலில் கதவுப் பக்கம் நான்தான்,
பிள்ளை அழுதால் எழும்ப வசதி என்று.

இன்றிரவு சுவரோரம் போய்ப் படுத்தேன்.
விளிம்பில் இருந்து
செயற்கைக் காலைக் கழற்றிக்கொண்டிருந்தவர்
திரும்பிப் பார்த்தார்.
"என்ன புதுசா?"

ஒன்று.
இரண்டு.
மூன்று.