துவைக்காமல் கொண்டு வா

செந்தூலில் ஒரு கம்பளிக் கோட்டு இருக்கிறது.
அதற்கு ஐரோப்பா அத்துப்படி.
லண்டன் இரண்டு தடவை, பாரிஸ்,
மெய் யின்னோடு போய்வந்த ப்ராக்.
சொந்தக்காரி தவமலர் மட்டும்
ஈப்போவுக்கு வடக்கே போனதில்லை.

சௌக்கிட் பண்டல் கடையில்
நாற்பத்தைந்து வெள்ளிக்கு வாங்கியது.
வாங்கிய வருடம் டிக்கெட்டும் இருந்தது.
பிறகு உலகமே கதவடைத்தது.
கதவு திறந்தபோது
டிக்கெட் பணம் வீட்டுக் கூரைக்குப் போயிருந்தது.
இதற்கு மேல் அவள் சொன்னதில்லை.
நான் கேட்டதுமில்லை.

போன டிசம்பர் என் முறை.
"சாவிக்கொத்து, சாக்லெட், ஒண்ணும் வேணாம்.
துவைக்காம கொண்டு வா,
அது போதும்" என்றாள்.
சிரித்துவிட்டு மடித்து வைத்தேன்.

வியன்னாவில் நாலு மணிக்கே இருட்டு.
பதின்மூன்று மணி நேரம் பறந்து வந்தது
இருட்டைப் பார்க்கவா என்று நினைக்கும்போதே
நகரமன்ற வாசலில் விளக்குகள்.
மரக்கடை மரக்கடையாக வரிசை,
புகை, எண்ணெய்ச் சட்டி, தள்ளுமுள்ளு,
வாயெல்லாம் சீனித்தூளோடு பிள்ளைகள்.
அட, இது பாசார் மாலாம்!
நம் புதன்கிழமைச் சந்தையைத் தூக்கிக்
குளிர்ப்பெட்டிக்குள் வைத்து
பின்னால் ஒரு கோபுரத்தைச் செருகியிருக்கிறார்கள்.
அப்பம் பாலிக் ஒன்றுதான் குறை.

எல்லாவற்றையும் ஐந்தால் பெருக்கினேன்.
கணக்குப் பிரிவில் பத்தொன்பது வருடம்,
கண் பார்க்கும் முன்னே மனம் பெருக்கிவிடும்.
கண்ணாடி உருண்டை எண்பது வெள்ளி.
சுட்ட கஷ்கொட்டை பத்து, இருபத்தைந்து வெள்ளி.
ஆவி பறக்கும் திராட்சைச் சாறு,
அதில் பட்டை, கிராம்பு.
பிரியாணியில் பார்த்துப் பழகிய முகங்கள்
இங்கே கோப்பையில் மிதந்துகொண்டு
என்னைத் தெரியாத மாதிரி.
கோப்பைக்குத் தனியாக முன்பணம்.
எல்லாரும் ஞாபகத்துக்கு எடுத்துப்போனார்கள்.
நான் திருப்பிக் கொடுத்துக் காசை வாங்கினேன்.
கணக்கு கணக்குதான்.

விரல் மரத்துப்போய்ப் பையில் கை விட்டால்
யாரோ மடித்து வைத்த பாரிஸ் ரயில் சீட்டு,
கசங்கிய திசுத்தாள்,
பாதி தீர்ந்த கோடாலித் தைலம்.
மூடியைத் திறந்தேன்.
அந்தச் சதுக்கத்தில் ஒரு நொடி
பஸ் வாந்திக்குப் பயந்து
கேமரன் மலை ஏறினோம் நானும் கோட்டும்.

மறுநாள் அரண்மனை.
ஆயிரத்துச் சொச்சம் அறைகளாம்.
நான் பார்த்தது
முன்னால் நின்றவரின் முதுகு.

திரும்பும்போது டிராமில்
பக்கத்து இருக்கைக்காரி, என் வயதிருக்கும்,
மடியில் காய்கறிப் பை,
என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனாள்.
என் நிறுத்தம் வந்தது, போனது.
இன்னும் மூன்று போயின.
நான் அசையவில்லை.

சனிக்கிழமை செந்தூல், முப்பத்து மூன்று டிகிரி.
தவமலர் பேச்சே கொடுக்காமல்
கோட்டை வாங்கிக்கொண்டாள்.
காலரில் முகம் புதைத்து,
கண்ணை மூடிக்கொண்டு,
தடவித் தடவிப் படிப்பவள்போல,
"பட்டை.
கரி.
கருகின சீனி.
ஈர நாய்..."
நாய் எனக்கே நினைவில் இல்லை.
இடது தோளுக்கு வந்ததும் நின்றாள்.
"இங்க வேற ஆள். சோப்பு வேற."

யாரிடமும் சொல்ல நினைத்ததில்லை அதை.
சொன்னேன், நாலு நிறுத்தத்தையும்.
"எழுப்பியிருக்கலாமே?"
"ம்."
"காய்கறிப் பையில என்ன?"
"லீக்ஸ், முட்டைக்கோஸ்."
தலையாட்டினாள், வரவுசெலவு சரியென்று.

பிப்ரவரியில் லோகநாயகியின் மகன்
எடின்பரோ போகிறானாம், கோட்டு கேட்டானாம்.
"இந்த வாரம் தரமாட்டேன்னுட்டேன்"
என்றாள், உள்ளே கையை நுழைத்து
ஒவ்வொரு பொத்தானாய்ப் போட்டுக்கொண்டே.
நெற்றியில் வேர்வை முத்து முத்தாக.

பிறகு,
"அந்தக் காற்றாடிய நிப்பாட்டு" என்றாள்.
நிறுத்தினேன்.