நடுத்தாள்

மார்ச் முப்பத்தொன்று, பொழுதோட.
ஆடிட்டர் ஆபீசிலிருந்து நேராக வந்து
பசைச் சட்டிக்குப் பக்கத்தில் உட்கார்கிறேன்.
அரசாங்கத்துக்கு நாளைக்கு வருசப்பிறப்பு,
நமக்கு இன்னும் பதினாலு நாள்.
கழித்துப் போட்ட மூன்று பிளை அட்டை ஒன்றை
மடியில் வைத்துப் பன்னிரண்டு கட்டம் போடுகிறேன்.
நூல் கடைக்காரர் கொடுத்த காலண்டரில்
எழுத இடமே இல்லை,
எல்லாக் கட்டத்திலும் ராகுகாலம்.

போன வருசமும் போட்டேன்.
முதலில் ஆர்டர் எழுதினேன்,
பிறகு மிஷின் கடனுக்குத் தவணை,
இருபதாம் தேதி ஜி.எஸ்.டி.,
பேப்பர் மில்லுக்குச் செக்.
மிச்சத்தில் நான் இருந்துகொள்ளலாம் என்று நினைத்தேன்.
மிச்சம் விழவில்லை.

திருப்பூரில் எல்லாருக்கும்
கடைசியாக நினைவுக்கு வருவது பெட்டி.
நூல் வந்து, துணியாகி, சாயம் ஏறி,
தைத்து, பிசிறு வெட்டி, அயர்ன் போட்டு,
கன்டெய்னர் வாசலில் வந்து நின்ற பிறகு
ராத்திரி பதினொன்றரைக்குப் போன்:
"அக்கா, எண்ணூறு பெட்டிங்க.
விடியறதுக்குள்ள வேணுமுங்க."
அவர்கள் எங்கெங்கோ தொலைத்த நாட்களை
என் தூக்கத்திலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
அதற்கு என்ன ரேட் என்று
கொட்டேஷனில் ஒரு வரிகூட இல்லை.

ஐப்பசியில்,
போனஸ் கவர்களை எண்ணிக்கொண்டிருந்தபோது,
இடுப்பைச் சுற்றி அக்கி.
டாக்டரம்மா கேட்டார்:
"ஒரு நாளைக்கு எவ்வளவு தூங்கறீங்க?"
நான் பெட்டிக் கணக்குச் சொன்னேன்.

பதினோரு நாள் படுக்கை.
பொங்கியண்ணனும் பிஜயும் ஷட்டரைத் திறந்தார்கள்.
இரண்டு ஆர்டர் கைவிட்டுப் போனது.
நாலாயிரம் பெட்டி நான் இல்லாமலே போய்ச் சேர்ந்தது.
எதை நினைத்து அதிகம் வெசனப்பட்டேன் என்று
சொன்னால் சிரிப்பீர்கள்.

கம்பெனியில் ஒரு சின்ன மிஷின் உண்டு.
அட்டைத் துண்டை வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால்
அடியிலிருந்து ரப்பர் உப்பி அழுத்தும்.
முள் ஏறும், ஏறும்,
பட்டென்று கிழியும் இடத்தில் நிற்கும்.
அந்த எண்ணைப் பெட்டியின் அடியில் அச்சடிக்கிறோம்:
இவ்வளவுதான் தாங்கும்.
பத்தொன்பது வருசமாக அச்சடித்து அனுப்புகிறேன்.

இந்தத் தடவை நோம்பியை முதலில் எழுதுகிறேன்.
சித்திரையில் அவினாசித் தேர், இரண்டு நாள்.
ஜூனில் பிஜய் ஊருக்குப் போவான்,
ரயில் டிக்கெட் இந்த வாரமே.
ஆடி மந்தத்தில் மிஷினுக்கு ஆயில், எனக்குப் பல் டாக்டர்.
ஞாயிறுகளை அடிக்கவில்லை, எழுதவுமில்லை.
புரட்டாசியிலும் ஐப்பசியிலும்
நூற்றுக்கு எழுபதுக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை.
மீதி முப்பது
மழைக்கு, கரண்ட் கட்டுக்கு, சீக்குக்கு,
முன்னால் சொல்லாமல் வந்து நிற்கும் ஒரம்பரைக்கு.
ராத்திரி பதினொன்றரைக்கு இனி இரட்டை ரேட்.
இதைமட்டும் இரண்டு தடவை அடிக்கோடிட்டேன்.

"பாதி காலியாக் கெடக்குதுங்களே அக்கா"
என்கிறார் பொங்கியண்ணன்.
பதில் சொல்லவில்லை.
கத்தி பட்ட ஓரம் என் பக்கமாக இருக்கிறது:
மேலே ஒரு தாள், கீழே ஒரு தாள்,
நடுவே நெளிந்து நெளிந்து போகும் ஒன்று.
நெளிவுக்குள் வெறும் காற்று.
பசை அதிகமாகி அது நசுங்கிய லோடை
போன மாதம்தான் திருப்பி அனுப்பினார்கள்.

போன் அடிக்கிறது. லோகநாதன்.
அக்டோபருக்குப் பன்னிரண்டாயிரம்.
"ஆறாயிரம் பண்ணித் தர்றனுங்க.
மீதிய வேற பக்கம் பாத்துக்கங்க."
அந்தப் பக்கம் சத்தமில்லை.
அப்புறம் லைனும் இல்லை.

ஆறாயிரம் என்று பென்சிலால் எழுதிப்
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடுகிறேன்.
கேள்விக்குறி கொஞ்சம் கோணலாக விழுகிறது.

ஷட்டரை இழுக்கும்போது மணி ஏழேகால்.
எதிர் டீக்கடை மாஸ்டர்
ஆற்றுகிற டீயை நிறுத்திவிட்டுக் கேட்கிறார்:
"என்னங்கக்கா, உடம்புக்கு ஆகலீங்களா?"